இடது முன்சக்கரம்

ஃபிட்டரம்மாவிடம் "பார்த்து, மெதுவா" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார். இருபத்தோரு வருஷமாகப் பார்க்காமலா செய்கிறேன் என்று ஆரம்பிப்பாள், அதற்கப்புறம் நிறுத்துவது அவள் கையிலேயே இல்லை. ஐம்பது வயது தாண்டியும் கோபம் மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. வயதானால் தணியும் என்று நம்பிக் கல்யாணம் செய்துகொண்ட அவள் வீட்டுக்காரர் இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அவள் வேலை பார்த்தது ஒரு மின்தொடரமைப்பு நிறுவனத்தின் வண்டி ஷெட்டில். மலை உச்சிகளில் நிற்கும் மின்கோபுரங்களைப் பழுது பார்க்க ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்புகள் அங்கே பதினான்கு இருந்தன. நான்கு சக்கரமும் இழுக்கிற முரட்டு வண்டிகள். பாதை இருக்கிற இடத்தில் பாதையில் போகும், இல்லாத இடத்தில் ஓடையில் இறங்கிப் போகும். தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு முதலில் கெடுவது சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப். உள்ளே இரண்டு பேரிங், அதைச் சுற்றிக் கிரீஸ். தண்ணீர் புகுந்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்துவிடும், பேரிங் துருப்பிடித்து முனக ஆரம்பிக்கும். பிரித்துக் கழுவி, புது பேரிங் போட்டுப் பூட்ட வேண்டும்.

ஃபிட்டரம்மா அந்த ஷெட்டுக்கு வந்தது ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர் வேலைக்கு. ஹப் வேலையை யாரும் தொட மாட்டார்கள். முழங்கை வரைக்கும் பழைய கிரீஸ், மண்ணெண்ணெயில் ஊறி விரல் தோல் உரியும். இன்ஜின் வேலை செய்கிறவனுக்குத்தான் ஷெட்டில் மரியாதை என்பதால், ஹப்பை ஆளுக்கு ஆள் அடுத்தவன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஒருநாள் அப்படி மூன்று பேர் தள்ளிவிட்ட சக்கரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வருஷத்தில் சிரிப்பு நின்றது. அவள் பூட்டிய சக்கரம் அடுத்த மழை வரைக்கும் ஷெட்டுக்குத் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம்தான் சிலருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது, அந்தப் பெஞ்சை ஒரு பொம்பளை வளைத்துப் போட்டுவிட்டாள் என்று. வேண்டாம் என்று தள்ளியவர்களும் அவர்களேதான்.

அவள் பேரிங் பூட்டுவதைப் பார்க்க வேண்டும். பேரிங்கின் வெளிவளையத்தை ஹப்புக்குள் அடித்து இறக்கும்போது சுத்தியல் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பாள். டொக் டொக்கென்று வருகிற சத்தம், வளையம் அடியில் போய் உட்கார்ந்ததும் டங்கென்று மாறும். மாறாவிட்டால் விட மாட்டாள். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு உருளைக்குப் பின்னாலும் அது பிதுங்கி வருகிற வரைக்கும் பேரிங்கை அதில் குத்திக் குத்தி எடுப்பாள். பிறகு ஹப்பைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குவாள், கால் திருப்பு தளர்த்துவாள், மறுபடி கையால் மட்டும் இறுக்குவாள். இறுக்கம் கூடினால் பேரிங் காய்ந்து எரியும், குறைந்தால் சக்கரம் ஆடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மயிரிழை. அதைக் கண்டுபிடித்ததும் லாக் வாஷரை வைப்பாள். இரண்டு நட்டுகளுக்கும் நடுவில் உட்காருகிற மெல்லிய தகட்டு வளையம் அது, ஓரத்தில் காதுகள் இருக்கும். வெளி நட்டை இறுக்கிவிட்டு, ஒரு காதை உள்பக்க நட்டின் மேலும் இன்னொரு காதை வெளிப்பக்க நட்டின் மேலும் உளியால் மடக்க வேண்டும். மடக்கிவிட்டால் நட்டு தானாகத் திரும்பாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு நிமிஷ வேலை.

அவளைப் பார்த்துத்தான் நிறுவனம் மேலும் நான்கு பெண்களை ஷெட்டுக்கு எடுத்தது. அதில் ஒருத்தி அவள் தம்பி மனைவி, வண்டிகளின் மின்சார வேலைகளைப் பார்க்கிறவள். ஒரே வீட்டில் மாடியில் குடியிருந்தாள்.

அந்தச் சங்கதி நடந்த அன்று காலையில் ஏழாம் எண் ஜீப் மலையிலிருந்து இறங்கும்போது இடது முன்சக்கரம் சாய்ந்து, பிரேக் பிடிக்காமல், ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும் சிராய்ப்போடு போயிற்று. ஓட்டுநருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. அந்த ஓட்டுநரை ஷெட்டில் ஆமை என்பார்கள். மலைப்பாதையில் முப்பதைத் தாண்டாத மனிதர். அவர் வண்டியில் ஏறினால் போய்ச் சேருவதற்குள் சாப்பாட்டை இரண்டு தரம் திறக்கலாம் என்று லைன்மேன்கள் கேலி செய்வார்கள்.

ஏழாம் எண் வண்டியின் முன் ஹப்புகளைப் பூட்டி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. பூட்டியது ஃபிட்டரம்மா. செய்தி வந்ததும் ஷெட்டில் இருந்த அத்தனை முகமும் அவள் பக்கம் திரும்பியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை, இந்தப் பார்வைதான் அவளுக்கு ஆகாது. கையிலிருந்த துணியைத் தூக்கி எறிந்துவிட்டு நடு ஷெட்டில் நின்று கத்தினாள்.

"என் வேலை ஆடாது. ஆமை வண்டியை ஆத்துல ஊறப் போட்டு வேடிக்கை பார்த்திருப்பாரு. இல்லேன்னா கல்லுல ஏத்தி இறக்கியிருப்பாரு. ஹப்பை நானே திறக்கிறேன், அப்போ தெரியும்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று ஷெட் நம்பியது. மத்தியானத்துக்குள் ஓட்டுநர்தான் குற்றவாளி என்று தேநீர் கொண்டுவருகிற ஆள் வரைக்கும் பேசிக்கொண்டார்கள்.

ஜீப்பை இழுத்து வந்து பின்பக்க முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆட்கள் வருவதற்குள் என்ன ஏது என்று தெரிந்துகொள்ள மேனேஜருக்கு அவசரம். அவளை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. யாருக்கும் கெட்டவராகத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் பூசி மெழுகுகிறவர்.

வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினாள். ஹப்பின் முகப்பு மூடியிலிருந்த ஆறு போல்ட்டையும் எடுத்தாள். மூடியைத் தட்டியதும் கருகிய கிரீஸ் வாடை முகத்தில் அறைந்தது. வெளி நட்டு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. தளர்ந்து தளர்ந்து மூடியில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. இடது சக்கரம் முன்னோக்கி ஓடும்போது நட்டைக் கழற்றுகிற திசையில்தான் சுற்றும், பிடிமானம் இல்லாத நட்டு அந்தப் பக்கம்தான் போகும். உள்ளே பேரிங்கின் கூடு துண்டு துண்டாக உடைந்து, உருளைகள் நீலம் பாரித்துக் கிடந்தன.

அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. லாக் வாஷரை எடுத்துத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். காதுகள் நேராக நின்றன. மடக்கிய காது ஏதாவது காரணத்தால் நிமிர்ந்திருந்தால், மடிந்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அவள் விரல் நகத்தால் தடவித் தடவிப் பார்த்தாள். கோடே இல்லை. கடையிலிருந்து வந்த மாதிரியே இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் நிறுவனத்தின் ஆண்டு மலருக்குப் படம் எடுக்க ஒருவர் வந்திருந்தார். ஃபிட்டரம்மா படம் கட்டாயம் வேண்டுமென்று மேனேஜரே வந்து பெஞ்சிலிருந்து அழைத்துப் போனார். முகத்தைத் துடைக்கச் சொன்னார்கள், சுத்தமான சட்டை போடச் சொன்னார்கள், அவள் ஜென்மத்தில் உபயோகிக்காத ஒரு பெரிய ஸ்பேனரைக் கையில் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். முக்கால் மணி நேரம். திரும்பி வந்து பார்த்தபோது ஹப்பில் இரண்டு நட்டும் இறுக்கமாக இருந்தன. முடித்துவிட்டோம் என்று நினைத்து மூடியைப் போட்டுவிட்டாள்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். ஐந்து பேர் பின்னால் உட்கார்ந்திருந்த வண்டி. பள்ளத்தில் விழாமல் இன்னும் பத்தடி ஓடி மலைச்சரிவில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. அதைவிடக் கூச்சமாக இருந்தது காலையில் நடு ஷெட்டில் நின்று கத்தியதை நினைத்தால்.

மேனேஜருக்கும் பேரிங் தெரியும், வாஷரும் தெரியும். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மூடிடுங்க, ஃபிட்டரம்மா. அறிக்கையில அதிவேகம், தண்ணியில இறக்கினதுன்னு எழுதிக்கலாம். நீங்க ஒண்ணும் பொய் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

ஆமைமேல் அதிவேகம் என்று எழுதப் போகிறார்கள். வேறு நாளாக இருந்தால் அவள் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். அப்படி எழுதினால் ஓட்டுநருக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். வண்டியிலிருந்து இறக்கி வாசல் காவலுக்குப் போடுவார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்றார். முப்பது வருஷம் மலையில் வண்டி ஓட்டிய மனிதருக்கு அது பெரிதில்லையாம். அவள் லாக் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். விசாரணையில் நடந்ததை நடந்தபடி சொல்லப் போவதாகச் சொன்னாள். மேனேஜர் முகம் வெளிறியது. பெஞ்சிலிருந்து அவளை அழைத்துப் போனது யார் என்பது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

வீட்டுக்குப் போனால் தம்பி மனைவி கூடத்தில் காத்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் நிலவரத்தைப் புரிந்துகொண்டு, ஊசியில் நூல் கோக்க முடியாதவர் மாதிரி குனிந்துகொண்டார்.

"அண்ணி, நீங்க ஒரு ஆளா இருந்தா எப்படி வேணா சொல்லிக்கலாம். எங்க நாலு பேரையும் நினைச்சுப் பாருங்க. பொம்பளைங்களை விட்டா இப்படித்தான்னு சொல்ல ஒரு வாய்ப்பு கிடைக்காதான்னு காத்துக்கிட்டு இருக்காங்க. நீங்களே தூக்கிக் கொடுக்கப் போறீங்களா?"

அவள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதுதான் ஃபிட்டரம்மாவை உலுக்கியது. தம்பி மனைவி அழுதுகொண்டே சொன்னதெல்லாம் உண்மை. விளக்கு ஒயர் ஒன்று எரிந்தால்கூட அந்த நான்கு பெண்களுக்கும் காது புளிக்கும். ஆணுக்குக் கை தவறினால் கை தவறியது, பெண்ணுக்குக் கை தவறினால் பெண் குலமே தவறியது. இருபத்தோரு வருஷமாக ஃபிட்டரம்மா தப்பே செய்யாமல் இருந்ததற்கு அதுதான் காரணம். திறமை பாதி, பயம் பாதி. அன்றைக்குத்தான் அதை அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டதும் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அப்போ சாகுற வரைக்கும் நாம தப்பே பண்ணக் கூடாதா?" என்று கேட்டாள். "பண்ணினா அடுத்தவன் தலையில கட்டணுமா? அப்படி ஒரு வேலை எனக்கு வேண்டாம். உனக்கும் வேண்டாம்."

தம்பி மனைவி எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்திய சத்தத்தில் வீட்டுக்காரர் ஊசியைக் கீழே போட்டார். நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே என்றார். அதுதான் இப்போது பிரச்சினை என்று அவர்மேலும் பாய்ந்துவிட்டுத்தான் அவள் முகம் கழுவப் போனாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆமை தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி, முந்தின நாள் ஷெட்டில் நடந்த பேச்சையெல்லாம் கேள்விப்பட்டிருந்தவள், நாற்காலியை எடுத்துப் போடவில்லை. ஃபிட்டரம்மா நின்றுகொண்டே சொன்னாள். வாஷரைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, காதை மடக்கவில்லை, மறந்துவிட்டேன், உங்கள்மேல் பழி போட்டதும் நான்தான் என்றாள். மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

ஆமை வாஷரை வெகுநேரம் பார்த்தார். வண்டி ஓட்டுகிற மாதிரியே பேசுகிற மனிதர், ஒவ்வொரு வார்த்தையும் மெதுவாக வரும்.

"நேத்துலேருந்து நானே யோசிச்சுக்கிட்டுக் கிடக்கேன். எங்கே தப்பா ஓட்டினேன், எங்கே தப்பா ஓட்டினேன்னு. என்னைச் சொன்னது எல்லார் முன்னாலயும். இதை என்கிட்ட மட்டும் வந்து சொன்னா எப்படி?"

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள், இரண்டு ஆண்கள், ஒரு பெண். மேனேஜர் அறையில் வைத்துக்கொள்வதாக இருந்தது. ஃபிட்டரம்மா, பேசினால் ஷெட்டில் எல்லோர் முன்னிலையிலும்தான் பேசுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் பெஞ்சுகளை ஒதுக்கி மேஜை போட்டார்கள். பத்து ஃபிட்டர்களும் ஓட்டுநர்களும் நான்கு பெண்களும் சுற்றி நின்றார்கள். அவள் வாஷரை மேஜையில் வைத்தாள். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடித்தாள். காரணம், விளக்கம், சப்பைக்கட்டு எதுவும் இல்லை. ஓட்டுநர்மேல் ஒரு தப்பும் இல்லை, அன்றைக்கு நான் கத்தியது அத்தனையும் பொய் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

பெண் அதிகாரிக்கு அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது. வேலைக்கு நடுவில் யாராவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தார். மேனேஜர் தரையைப் பார்த்தார். படம் எடுக்கக் கூப்பிட்டார்கள் என்பது உண்மைதான் என்றாள் ஃபிட்டரம்மா. ஆனால் மூடியைப் போட்டது படம் எடுத்தவர் இல்லை, என் கை என்றாள்.

மூத்த அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த மாதிரி பாரமான, உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளுக்குப் பெண்களைப் போடுவது பற்றி மறுபடியும் யோசிக்க வேண்டியிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, காற்றைப் பார்த்துச் சொன்னார். நான்கு பெண்களின் முகமும் தொங்கிப் போயிற்று. ஃபிட்டரம்மா எதிர்பார்த்துக் காத்திருந்தது இதற்குத்தான்.

"ஐயா, போன வருஷம் இதே இடத்துல பிரேக் பைப்பை இறுக்காம விட்டாரு ஒருத்தரு. வண்டி போய் அந்தச் சுவரை இடிச்சுது, பூச்சு இன்னும் வேற நிறத்துல இருக்கு பாருங்க. அவரு நல்ல வேலைக்காரரு. அன்னிக்கு ஆம்பளைங்களை பிரேக் வேலைக்குப் போடலாமான்னு யாராவது யோசிச்சீங்களா? அவருக்குப் பதினஞ்சு நாள் வேலை கிடையாது, திரும்பி வந்து அதே பிரேக்கை எல்லார் முன்னாலயும் மாட்டிக் காட்டணும்னு சொன்னீங்க. எனக்கும் அதையே கொடுங்க. கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

கூட்டத்தில் இருந்த அந்தப் பிரேக்காரர், பெயரைச் சொல்லாமலே எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு, தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். தூண் ஒல்லி, ஆள் பருமன்.

அதிகாரிகள் உள்ளே போய் ஒரு மணி நேரம் கழித்து ஒரு தாளோடு வந்தார்கள். பெண் அதிகாரி வாசித்தார். ஓட்டுநர்மேல் குற்றமில்லை. ஃபிட்டர் ஒரு பெண் ஊழியர் என்பதையும், நிறுவனத்துக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர் என்பதையும் இரக்கத்தோடு கருதி, எச்சரிக்கையோடு விடப்படுகிறார். வாசித்துவிட்டுப் புன்னகையோடு பேனாவை நீட்டினார். மேனேஜர் மூச்சு விட்டார். தம்பி மனைவி அவள் முதுகைத் தொட்டு, வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணி என்று கெஞ்சுகிற மாதிரி அழுத்தினாள்.

ஃபிட்டரம்மா பேனாவைத் தொடவில்லை. அந்த இரக்கத்தை வாங்கிக்கொண்டால் நாளைக்கு இந்த நான்கு பேரும் ஒவ்வொரு தப்புக்கும் இரக்கத்துக்குக் கையேந்தி நிற்க வேண்டும். அப்புறம் அவர்கள் செய்கிற சரியான வேலையும் யாரோ பிச்சை போட்டதாகிவிடும். பெண் ஊழியர் என்கிற வார்த்தையை அடித்துவிட்டு, பதினைந்து நாள் என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். மூத்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் காலில் விழுந்தவர்களை அவர் பார்த்திருக்கிறார். கூட்டிக் கேட்டு மல்லுக்கு நிற்கிற ஆளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. கடைசியில் வேறு தாள் அடித்துக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அதைப் படித்துப் பார்த்து, இரண்டாம் தடவையும் படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பதினைந்து நாளும் அவள் வீட்டில் இருந்த பாட்டை வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும். தையல் மிஷினைப் பிரித்து எண்ணெய் போட்டாள், கதவுக் கீல்களை மாற்றினாள், குழாய்களை எல்லாம் கழற்றிப் பூட்டினாள். மாடியிலிருந்து தம்பி மனைவி ஒரு வாரம் இறங்கவே இல்லை. எட்டாம் நாள் சாயங்காலம் வந்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஒயர் ஒன்றைத் தப்பாகக் கொடுத்துவிட்டாளாம், யாரும் கேட்பதற்கு முன்னால் தானே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டாளாம். மேஸ்திரி சரி மாற்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது அண்ணி என்றாள்.

பதினாறாம் நாள் காலையில் ஃபிட்டரம்மா ஏழாம் எண் ஜீப்பின் முன்னால் உட்கார்ந்தாள். பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். அவள் இல்லாத நாட்களில் மற்ற மூன்று சக்கரங்களையும் அவர்கள் பிரித்து, புது பேரிங் போட்டுப் பூட்டியிருந்தார்கள். இடது முன்சக்கரத்தை மட்டும் அவளுக்காக விட்டு வைத்திருந்தார்கள். புது வளையத்தை டங்கென்று சத்தம் மாறுகிற வரைக்கும் அடித்து இறக்கினாள். கிரீஸ் அடைத்தாள், சுற்றினாள், இறுக்கினாள், தளர்த்தினாள். வாஷர், வெளி நட்டு. மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உளியை வைத்து இரண்டு காதையும் மடக்கினாள். கையில் மூடியை எடுத்தவள், போடாமல் நிமிர்ந்தாள்.

"யாராவது ஒருத்தர் வந்து பாருங்க. காது மடங்கியிருக்கான்னு பார்த்துச் சொன்னாத்தான் மூடுவேன்."

மடக்கியதைத்தான் எல்லோரும் பார்த்தோமே என்றார்கள். கிட்டே வந்து பார்க்க வேண்டும் என்றாள். இன்றைக்கு மட்டும் இல்லை, இனிமேல் எந்த ஹப்பையும் இன்னொரு ஆள் பார்க்காமல் மூடக் கூடாது, உங்கள் வேலையை நான் பார்ப்பேன், என் வேலையை நீங்கள் பாருங்கள் என்றாள். அங்கேதான் இடித்தது. வருஷக்கணக்காகத் தன் வேலையை அடுத்தவன் எட்டிப் பார்ப்பதை அவமானமாக நினைக்கிற ஆட்கள் அவர்கள். இன்றைக்கு ஒருவர் குனிந்து பார்த்துவிட்டால் நாளைக்கு அவர் வேலையை அவள் குனிந்து பார்ப்பாள். ஒருவரும் அசையவில்லை. தப்பு செய்தது நீங்கள், எங்களுக்கு எதற்கு சோதனை என்று பிரேக்காரரே கேட்டார், அதுவும் சுவரைப் பார்க்காமல்.

"நான் தப்பு பண்றவதான். அதனாலதான் கூப்பிடுறேன்" என்றாள் அவள். மூடியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி பத்து மணிக்கு மலை ஏற வேண்டும். மேனேஜர் வந்து நைச்சியமாகப் பேசினார், கடிகாரத்தைக் காட்டினார், போய்விட்டுத் திரும்பவும் வந்தார். லைன்மேன்கள் மூட்டை முடிச்சோடு வாசலில் நின்றார்கள். அவள் நகரவில்லை. எழுந்து மூடியைப் போட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று அவளுக்கும் தெரியும். மறுபடி எப்போதாவது யாராவது ஒருவர் கூப்பிட்டு, யாரோ ஒருவர் எழுந்து போய்த் திரும்பி வந்து, இறுக்கமாக இருக்கிற இரண்டு நட்டைப் பார்த்துவிட்டு மூடுவார்கள் என்பதும் தெரியும்.

பதினோரு மணி வாக்கில் வாசல் பக்கமிருந்து ஆமை வந்தார். கை இன்னும் கழுத்தில் கட்டிய தூளியில் இருந்தது. வண்டி ஓட்ட இன்னும் ஒரு மாதமாவது ஆகும், ஏதோ தாளில் கையெழுத்துப் போட வந்தவர். என்ன கூட்டம் என்று விசாரித்தார், சொன்னார்கள். ஜீப்பின் பக்கமாக வந்து, நல்ல கையால் பம்பரைப் பிடித்துக்கொண்டு, முகம் சுளித்தபடி மெல்ல மண்டியிட்டார். அவள் டார்ச் அடித்தாள். அவர் தலையைச் சாய்த்து உள்ளே பார்த்தார். உள்பக்கம் மடங்கிய காதை விரலால் தடவினார், நட்டைச் சுற்றிக்கொண்டு விரலைக் கொண்டுபோய் வெளிப்பக்கம் மடங்கிய காதையும் தடவினார். அந்த மனிதருக்கு எதிலும் அவசரம் கிடையாது.

"மடங்கியிருக்கு" என்றார்.

ஃபிட்டரம்மா மூடியை வைத்து ஆறு போல்ட்டையும் இறுக்கினாள். ஆமை எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே ஜீப்பின் மற்ற சக்கரங்களைப் பார்த்தார், பிறகு சுற்றி நின்ற பத்துப் பேரையும் பார்த்தார்.

"அந்த மூணையும் திறங்க. இதுல ஏறப் போறது எங்க ஆளுங்க. நான் பார்க்கணும்."

பிறகு பிரேக்காரர் தன் பெஞ்சுக்குப் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார்.